போத்தலின் மீதிப் பங்கு: பீடைநாசினியும் குளத்துப் பாசியும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் என் மாமாவுக்கு நாலு ஏக்கர் வட்டை, நெல்வயல். களைநாசினி அடிக்கிற நாளில் தெளிகருவியில் தண்ணீர் நிறைப்பார், மருந்தை மூடியால் அளந்து ஊற்றுவார், கடைசியில் மடியிலிருந்து ஒரு சின்னப் பொட்டலத்தை எடுத்து உதறுவார். துணி துவைக்கிற சவர்க்காரத் தூள். "இதென்னத்துக்கு மாமா?" என்று ஒருமுறை கேட்டேன். "இது போட்டாத்தான் மனே மருந்து இலையில ஒட்டும். இல்லாட்டி உருண்டு ஓடிப்போயிரும்" என்றார்.

அவர் சொன்னது சரிதான். தாமரை இலையில் தண்ணீர் விட்டுப் பாருங்கள், குண்டுமணிபோல உருளும். அதே தண்ணீரில் கொஞ்சம் சவர்க்காரம் கரைத்து விட்டால் துளி தட்டையாகப் படர்ந்து இலையை நனைக்கும். களைகளின் இலையிலும் மெழுகுப் பூச்சு உண்டு. அதைத் தாண்டாமல் மருந்து உள்ளே போகாது. மாமாவுக்குத் தெரியாத ஒரு விஷயம், அந்த வேலைக்கென்றே ஒரு சரக்கைக் கம்பெனிக்காரர் போத்தலுக்குள்ளேயே பெரும்பாலும் கலந்துவிட்டிருப்பார்கள் என்பது. எனக்கும் அப்போது தெரியாது. லேபிளில் பெரிய எழுத்தில் இருப்பது ஒரு பெயர்தான். மீதி என்னவென்று யாரும் கேட்பதில்லை.

அந்த மீதி வயலில் வேலை முடித்துவிட்டு வடிச்சல் வாய்க்கால் வழியாகப் போகும்போது, தண்ணீரில் வாழும் பாசிக்கு என்ன ஆகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை. பாசியைப் பற்றி ஒரு கட்டுரையா என்று சிரிக்க வேண்டாம். குளத்து மீன் எங்கிருந்து வருகிறது என்று தொட்டுப் பார்த்துக்கொண்டு போனால் கடைசியில் கை வழுக்குகிற இடம் பாசிதான்.

பாசி என்றால் எது?

இந்தச் சொல்லை நாம் தாராளமாகப் பயன்படுத்துகிறோம். குளத்துப் படியில் வழுக்குவதும் பாசி, கிணற்றுச் சுவரில் பிடிப்பதும் பாசி, விதைத்த சில நாளில் வயல் தண்ணீரில் பச்சைப் பாயாக மிதந்து இளம் பயிரை அமுக்குவதும் பாசி. மட்டக்களப்பு வாவியின் ஓரங்களை மூடுகிற ஆற்றுவாழையையும் சல்வீனியாவையும்கூடச் சிலர் பாசிக் கணக்கில் சேர்ப்பார்கள். அவை பாசி அல்ல. ஆற்றுவாழை பூக்கிற தாவரம், சல்வீனியா பன்ன வகை.

பள்ளிக்கூடத்தில் அல்கா என்று படித்தது நினைவிருக்கும். நன்னீரில் நமக்கு முக்கியமானவை மூன்று கூட்டம். முதலாவது பச்சைப் பாசி: ஒற்றைக் கலமாக மிதக்கும் குளோரெல்லா, நூலாக நீளும் ஸ்பைரோகைரா போன்றவை. இரண்டாவது தயற்றங்கள்: கண்ணாடி செய்கிற அதே சிலிக்காவால் ஓடு கட்டிக்கொண்டு, கல்லிலும் மதகுச் சுவரிலும் மண்ணிறமாகப் படிபவை. மூன்றாவது நீலப்பச்சைப் பாசி. இதைப் பாசி என்று பழக்கத்தில் சொன்னாலும் உண்மையில் இது பற்றீரியா. சயனோபற்றீரியா என்பது சரியான பெயர். இந்த மூன்றாவது கூட்டத்தை மறக்காதீர்கள், பின்னால் வரும்.

மாடுகளுக்கு மேய்ச்சல் தரை எப்படியோ, குளத்துக்குப் பாசி அப்படி. சூரிய ஒளியையும் கரைந்திருக்கும் காபனீரொட்சைட்டையும் வைத்து அது உணவு செய்கிறது. பகலில் தண்ணீருக்கு ஒட்சிசன் விடுகிறது. அதை மேய்வதற்கு நீர்த்தெள்ளு போன்ற கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரிகிற உயிர்கள் இருக்கின்றன. அவற்றை மீன்குஞ்சு தின்கிறது. திலாப்பியா நேரடியாகவே பாசியை மேய்கிறது. உலகம் முழுவதையும் எடுத்தால் ஒளித்தொகுப்பில் ஏறத்தாழப் பாதியைச் செய்வது கடலில் மிதக்கும் இந்த நுண்ணுயிர்கள்.

வயலுக்கும் இது கடன்பட்டிருக்கிறது. வருடா வருடம் பெரிதாக உரம் போடாமலே நெல் வயல்கள் எப்படி விளைந்துகொண்டிருக்கின்றன என்ற கேள்விக்கு, நீலப்பச்சைப் பாசி காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்து மண்ணில் சேர்ப்பதுதான் காரணம் என்று 1939இல் வங்காளத்து விஞ்ஞானி பி. கே. தே காட்டினார். ஒரு போகத்தில் எக்டேயருக்கு 20 முதல் 30 கிலோ வரை நைதரசன் இப்படிச் சேரலாம் என்பது பிற்கால மதிப்பீடு. யூரியா மூட்டை விலை நமக்குத் தெரியும். இது காசில்லாமல் வருவது.

களையைக் கொல்வது பாசியை ஏன் விடும்?

பூச்சிநாசினி பூச்சியின் நரம்பைத் தாக்கும். பாசிக்கு நரம்பு கிடையாது, ஆகவே நேரடித் தாக்கம் பெரும்பாலும் குறைவு. களைநாசினி அப்படியில்லை. களையும் தாவரம், பாசியும் ஏறத்தாழ அதே இயந்திரத்தை வைத்துப் பிழைப்பது. நெற்சப்பி என்ற களையில் எந்தப் பூட்டைத் திறக்கச் சாவி செய்தார்களோ, அதே பூட்டு பாசியிலும் தொங்குகிறது.

நெல்லுக்குப் பழக்கமான புரோபனில் என்ற களைநாசினியை எடுத்துக்கொள்வோம். இலைக்குள் ஒளியைப் பிடித்து அதன் சக்தியைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுபோகும் ஒரு வரிசை இருக்கிறது. வயலுக்குத் தண்ணீர் வருகிற வாய்க்கால் மாதிரி: குளம், பிரதான வாய்க்கால், கிளை வாய்க்கால், வரம்பு வெட்டு. புரோபனில் அந்த வாய்க்காலின் நடுவில் ஒரு புரதத்தில் போய் ஆப்புப்போல் இருந்துகொள்ளும். அதற்கு மேல் சக்தி நகராது. டையூரோன், அட்ராசின் ஆகிய களைநாசினிகளும் அதே இடத்தில்தான் அடைக்கின்றன.

அப்படியானால் நெல் ஏன் சாகவில்லை? நெல்லிடம் புரோபனிலை உடைக்கும் ஒரு நொதியம் இருக்கிறது. நெற்சப்பியிடம் அது போதுமானதாக இல்லை. அந்த நொதியத்தைக் கார்பரில் போன்ற சில பூச்சிநாசினிகள் முடக்கிவிடும் என்பதால்தான் புரோபனில் அடித்த கையோடு அவற்றை அடிக்கக்கூடாது என்று சொல்வார்கள். அடித்தால் நெல்லே கருகும். நீலப்பச்சைப் பாசியில் ஒன்றிரண்டு இனங்கள் புரோபனிலை உடைக்கக் கூடியவை. மற்றப் பாசிகளுக்கு நெல்லின் கவசம் வாய்க்கவில்லை.

கிளைபோசேட் என்ற களைநாசினி வேறு வழியில் வேலை செய்கிறது. சில அமினோ அமிலங்களைத் தயாரிக்கும் ஒரு பாதையை அது மூடிவிடுகிறது. அந்தப் பாதை தாவரங்களில் உண்டு, பாசியில் உண்டு, பங்கசிலும் பல பற்றீரியாக்களிலும் உண்டு. மனிதரிலும் விலங்குகளிலும் இல்லை. "மனிதனுக்கு ஒன்றும் செய்யாது" என்ற விற்பனைப் பேச்சு இந்த ஒரு உண்மையிலிருந்து பிறந்ததுதான். பேச்சு போத்தலின் ஒரு பங்கைப் பற்றி மட்டும் பேசுகிறது என்பதைக் கவனியுங்கள்.

பங்கசுநாசினிகளில் செப்புச் சேர்ந்தவை தனிக் கதை. செப்பு பாசிக்குப் பரம எதிரி. நம் பக்கம் துருசு என்றால் குளத்துக் கதவு. நாட்டு மருந்துக் கடையில் துருசு என்றால் மயில்துத்தம், அதாவது செப்புச் சல்பேற்று. பாசியைக் கொல்வதற்காகவே அதைத் தண்ணீரில் போடுவது உலகம் முழுக்க உள்ள பழைய பழக்கம். பிற மருந்துகள் காலத்தில் உடைந்து போகும், செப்பு ஒரு மூலகம் என்பதால் உடைய வழியில்லை. குளத்தடிச் சேற்றில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

லேபிளில் பெயரில்லாதவர்கள்

ஒரு வழக்கமான கிளைபோசேட் போத்தலில் லீற்றருக்கு 360 கிராம் என்று போட்டிருக்கும். அது செயற்படு பொருளின், அதாவது களையைக் கொல்கிற பொருளின் அளவு. மீதியில் பெரும்பகுதி தண்ணீர். ஆனால் தண்ணீர் மட்டுமில்லை. ஒட்டவைப்பது, பரவவைப்பது, எண்ணெயையும் தண்ணீரையும் சேர்த்து வைப்பது, நுரையை அடக்குவது என்று ஒவ்வொரு வேலைக்கும் ஒரு சரக்கு. எண்ணெயில் கரைந்த மருந்தென்றால் சைலீன் போன்ற பெற்றோலியக் கரைப்பான் சேரும். தண்ணீரில் ஊற்றியதும் பாலாக வெளுக்கும் மருந்துகளெல்லாம் இந்த வகை. நெல் வயலில் பயன்படும் பிரெற்றிலாக்குளோர் மருந்து சிலவற்றில் இன்னொரு விசித்திரமான கூட்டாளி உண்டு: நெல்லை மட்டும் மருந்திலிருந்து காப்பாற்றும் காப்புப் பொருள். ஒரே போத்தலில் கொல்வதும் காப்பதும்.

இந்தத் துணைப் பொருட்களை உற்பத்தியாளர்கள் வெகுகாலம் "மந்தமானவை" என்று அழைத்தார்கள். பூச்சியையோ களையையோ கொல்வதற்காகச் சேர்க்கப்படாதவை என்பது மட்டும்தான் அந்தச் சொல்லின் பொருள். ஒன்றும் செய்யாதவை என்று நாம் எடுத்துக்கொண்டோம்.

இவற்றில் பாசிக்கு அதிகம் சிக்கல் தருவது பரவவைக்கும் பொருள், மாமாவின் பொட்டலத்துக்கு அண்ணன்முறை. அதன் மூலக்கூறு ஒரு தீக்குச்சி மாதிரி: ஒரு நுனிக்குத் தண்ணீர் பிடிக்கும், மறு நுனிக்குக் கொழுப்புப் பிடிக்கும். துணியிலுள்ள எண்ணெய் அழுக்கை அது கிளப்புவது இப்படித்தான், கொழுப்புப் பிடிக்கிற நுனியை அழுக்கில் குத்தி. இப்போது பாசியின் கலத்தை நினைத்துப் பாருங்கள். உள்ளே இருப்பதை உள்ளேயும் வெளியே இருப்பதை வெளியேயும் வைத்திருக்கும் அதன் மென்சவ்வு எதனால் ஆனது? கொழுப்பால். தீக்குச்சிகள் அங்கும் போய்க் குத்தும். சவ்வு ஒழுகத் தொடங்கும். அது போதாதென்று, ஒழுகுகிற சவ்வு வழியாகச் செயற்படு பொருளும் இலகுவாக உள்ளே போகும். தனித்தனியே வந்தால் சமாளித்திருக்கக்கூடிய இரண்டு பேர் சேர்ந்து வருகிற கதை.

கிளைபோசேட்டுடன் நெடுங்காலம் கலக்கப்பட்டது பொலிஎதொக்சிலேற்றட் டலோ அமைன் என்ற பொருள். பெயர் வாயில் நுழையாது, சுருக்கி பி.ஓ.ஈ.ஏ. என்பார்கள். மாட்டுக் கொழுப்பிலிருந்து செய்வது. கிளைபோசேட்டின் பேர்போன கடைச் சரக்கான ரவுண்டப்பின் பழைய வகையில் இது சுமார் 15 சதவீதம். 2003இல் ஹொங்கொங் ஆய்வாளர் இருவர் கிளைபோசேட், பி.ஓ.ஈ.ஏ., இரண்டும் சேர்ந்த கடைச் சரக்கு என்று பிரித்துப் பிரித்து நீர்வாழ் உயிர்களில் சோதித்தார்கள். பொதுவாக வந்த வரிசையில் நச்சில் முதலிடம் பி.ஓ.ஈ.ஏ.க்கு, அடுத்தது கடைச் சரக்கு, அதற்கும் கீழேதான் கிளைபோசேட். பாசி தவிர்ந்த உயிர்களில் கடைச் சரக்கின் நச்சில் 86 சதவீதத்துக்கு மேல் பி.ஓ.ஈ.ஏ.யின் பங்கு என்று கண்டார்கள்.

"பாசி தவிர்ந்த" என்ற அந்தச் சொல்லில் கொஞ்சம் நின்று போகலாம். பாசியில் மட்டும் கணக்கு ஏன் மாறியது? கிளைபோசேட் மூடுகிற அமினோ அமிலப் பாதை மற்ற உயிர்களில் பலவற்றுக்கு இல்லை அல்லது அவ்வளவு முக்கியமில்லை. பாசிக்கு அது உயிர்நாடி. ஆகவே பாசி இரண்டு பக்கமும் அடி வாங்குகிறது, பெயருள்ளவனிடமும் பெயரில்லாதவனிடமும். அதே ஆய்வில் பாசியும் நீர்த்தெள்ளு போன்ற சிறு ஓட்டுடலிகளும் பற்றீரியாவை விட நான்கைந்து மடங்கு எளிதாகப் பாதிக்கப்பட்டன.

ஐரோப்பிய ஒன்றியம் 2016இல் கிளைபோசேட்டுடன் பி.ஓ.ஈ.ஏ. கலப்பதைத் தடை செய்தது. அதற்கு முன்பே நொனைல்பீனோல் எதொக்சிலேற்று என்ற இன்னொரு பரவவைக்கும் பொருளுக்கு 2003இல் கட்டுப்பாடு கொண்டுவந்தது. அது தண்ணீரில் உடையும்போது நொனைல்பீனோலாக மாறும். நொனைல்பீனோல் மீனின் உடலில் பெண் ஓமோன்போல் நடிக்கும். உடைந்து போனால் தொல்லை தீர்ந்தது என்று நினைக்கிறோம், சில சரக்கு உடைந்தபின்தான் தொல்லையைத் தொடங்குகிறது.

இலங்கையில் 2015இல் கிளைபோசேட் தடை செய்யப்பட்டது, 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் விடப்பட்டது, 2022இல் தடை நீக்கப்பட்டது. இடையில் 2021இல் இரசாயன உரத்துக்கும் பீடைநாசினிக்குமான இறக்குமதித் தடை. இந்தக் காலமெல்லாம் தேநீர்க் கடையிலும் கமக்காரர் கூட்டத்திலும் நான் கேட்ட சண்டை அனைத்தும் அந்த ஒரு பெயரைப் பற்றியது. போத்தலுக்குள் கூட இருப்பவர் யார் என்று ஒருவரும் கேட்டு என் காதில் விழவில்லை. நானும் கேட்கவில்லை, ஒத்துக்கொள்கிறேன்.

எவ்வளவு போய்ச் சேரும்?

ஒரு சின்னக் கணக்குப் பார்க்கலாம், பயப்பட வேண்டாம். ஒரு ஏக்கர் என்பது சுமார் 4047 சதுர மீற்றர். அதில் 5 சென்ரிமீற்றர் தண்ணீர் நின்றால் ஏறத்தாழ 2 இலட்சம் லீற்றர். லீற்றருக்கு 360 கிராம் கொண்ட மருந்தில் ஒரு லீற்றர் முழுவதும் அந்தத் தண்ணீரில் விழுந்து கரைந்தால்கூட லீற்றருக்கு 1.8 மில்லிகிராம்தான் வரும். நடைமுறையில் அவ்வளவும் தண்ணீரில் விழாது. இலை கொஞ்சம் பிடிக்கும், மண் நிறையப் பிடிக்கும், கிளைபோசேட்டும் பி.ஓ.ஈ.ஏ.யும் களிமண்ணில் இறுக ஒட்டுகிற இனம்.

இப்போது இன்னொரு காட்சி. 16 லீற்றர் தெளிகருவியில் 100 மில்லிலீற்றர் மருந்து கலந்தால் லீற்றருக்கு 2250 மில்லிகிராம். வேலை முடிந்து அடியில் அரை லீற்றர் மிஞ்சுகிறது. வழக்கம்போல வாய்க்காலில் கவிழ்த்து அலசுகிறோம். ஒரு மீற்றர் அகலம், ஐந்து மீற்றர் நீளம், ஒரு சாண் ஆழமும் வராத, 10 சென்ரிமீற்றர் நிற்கிற வாய்க்கால் துண்டு என்று வையுங்கள்: 500 லீற்றர். அதில் வருவது லீற்றருக்கு 2.25 மில்லிகிராம்.

ஒரு ஏக்கருக்கான முழுப் போத்தலும் தண்ணீரில் போனால் வருவதைவிட, அடியில் மிஞ்சிய அரை லீற்றர் அந்த வாய்க்காலை அதிகம் காரமாக்கிவிடுகிறது. ஆய்வுகூடத்தில் பாசியின் வளர்ச்சி தடுமாறத் தொடங்குவதும் இப்படியான ஒற்றை இலக்க மில்லிகிராம் அளவுகளில்தான். ஓடுகிற தண்ணீரென்றால் விரைவில் கலங்கி நீர்த்துவிடும். சிறுபோகத்தில் வாய்க்கால் ஓடாமல் குட்டை குட்டையாக நிற்குமே, அங்கே நீர்க்க இடமில்லை. பெரும்போக மழைக்குக் கணக்கு வேறு விதம்: தண்ணீர் அதிகம், ஆனால் மருந்தடித்த மறுநாளே ஒரு மழை வந்தால் வயலில் இருந்ததெல்லாம் ஒரே மூச்சில் வடிச்சலுக்கு வந்துவிடும்.

குடிநீரைப் பற்றி உடனே கேள்வி வரும். மட்டக்களப்புக்கான குழாய்த் தண்ணீர் உன்னிச்சைக் குளத்திலிருந்தும், அம்பாறைப் பக்கத்துக்கானது கொண்டவட்டுவான் குளத்திலிருந்தும் வருகிறது. குளம் மேலே, அது பாய்ச்சுகிற வட்டை கீழே என்பதால் அந்த வட்டையின் வடிச்சல் திரும்பி அந்தக் குளத்துக்கு ஏறாது. மேல் வயலின் வடிச்சல் கீழ்க் குளத்தில் விழுகிற சிறு குளங்களில்தான் கவனம் வேண்டும். எல்லாம் தாண்டிக் கடைசியில் தண்ணீர் போய்ச் சேர்கிற வாவியிலும்தான்.

பாசி குறைந்தால் ஒரு கதை, கூடினால் இன்னொரு கதை

இவ்வளவு சொன்னபிறகு, மருந்து போனால் பாசி குறையும் என்றுதான் நினைப்பீர்கள். குளக்கரையில் நிற்கிறவர் பார்ப்பது பல வேளை நேர்மாறு. மருந்துக் காலம் முடிந்தபிறகு தண்ணீர் பச்சைப் பசேலென்று தடிக்கும். எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஒரே போத்தல் பாசியைக் கொல்லவும் செய்யும், பெருக்கவும் செய்யும்.

முதல் வழி, மேய்ப்பது இல்லாமல் போவது. நெல்லைத் தாக்கும் அறக்கொட்டி போன்ற பூச்சிகளுக்கு அடிக்கிற பூச்சிநாசினி பாசியை நேரடியாகப் பெரிதாகத் தொடாது என்றேன். ஆனால் நீர்த்தெள்ளு பூச்சிக்குச் சொந்தக்காரன்; மிகச் சிறிய அளவிலேயே செத்துப்போகும். மாடில்லாத மேய்ச்சல் தரையில் புல் என்ன செய்யும்? 1972இல் கலிபோர்னியாவில் சிறு குளங்களில் குளோர்பைரிபொஸ் என்ற பூச்சிநாசினியை இட்டுப் பார்த்தவர்கள் இதைத்தான் கண்டார்கள்: மேய்கிற நுண்விலங்குகள் சரிந்தன, மிதக்கும் பாசி பொங்கியது. பிலிப்பைன்சிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தின் வயல்களிலும், பாசியை மேயும் சிறு ஓட்டுடலிகளைப் பூச்சிநாசினி கொன்றபோது நீலப்பச்சைப் பாசி கூடியது பதிவாகியிருக்கிறது. வயலுக்குள் அது நைதரசன் தரும், நல்லது. அதுவே குளத்தில் நடந்தால் நல்லதில்லை.

இரண்டாவது வழி, பலவீனமானவன் போக முரடன் இடம்பிடிப்பது. எல்லாப் பாசியும் ஒரே அளவில் சாவதில்லை. பச்சைப் பாசி சுருண்டு விழுகிற அளவை ஒரு தயற்றம் தாங்கும், தயற்றம் தாங்காததை ஒரு நீலப்பச்சைப் பாசி தாங்கும். இனத்துக்கு இனம் மாறும். 2007இல் வெளியான அர்ஜென்டினா ஆய்வொன்றில் செயற்கைக் குளங்களில் ரவுண்டப் இட்டபோது பெரிய மிதவைப் பாசிகள் குறைந்தன. மிகச் சிறிய நீலப்பச்சை வகை சுமார் 40 மடங்கு கூடியது. மொத்தப் பச்சையை மட்டும் அளந்திருந்தால் ஒன்றும் ஆகவில்லை என்றுகூட ஒருவர் எழுதியிருக்கலாம். தரையில் புல் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து, மாடு தின்னாத புல்லா என்று பாராமல் விடுவது போல.

மூன்றாவது வழி, மருந்தே உரமாவது. கிளைபோசேட் மூலக்கூறின் எடையில் சுமார் 18 சதவீதம் பொசுபரசு. அதைக் கடித்து எடுக்கத் தெரிந்த நுண்ணுயிர்களில் சில நீலப்பச்சை இனங்களும் உண்டு. இதைப் பெரிதாக்கிச் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள், அதனால் கணக்கையும் வைத்துவிடுகிறேன். ஒரு லீற்றர் போத்தலில் உள்ள 360 கிராமில் பொசுபரசு சுமார் 66 கிராம். 50 கிலோ ரி.எஸ்.பி. உர மூட்டையில் சுமார் 10 கிலோ. குளம் பச்சையாவதற்கு முதற் காரணம் உரமும் கழிவுநீரும்தான். மருந்தின் பொசுபரசு ஓரத்தில் நிற்கிற ஆள்.

நீலப்பச்சை பெருகினால் என்ன என்று கேட்கலாம். நீர்த்தெள்ளு அதைப் பல வேளை விரும்பி உண்பதில்லை. மைக்ரோசிஸ்ரிஸ் போன்ற இனங்கள் பச்சைப் பெயின்ற் ஊற்றியதுபோல் மேலே படர்ந்து, மைக்ரோசிஸ்ரின் என்ற ஈரல் நஞ்சை விடக்கூடியவை. குடிநீரில் நெடுங்காலத்துக்கு இதன் முக்கிய வகை லீற்றருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி. கொதிக்க வைத்தால் போகாது என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும், நம் வீடுகளில் எல்லாத் தண்ணீர்ப் பிரச்சினைக்கும் கொதிக்க வைப்பதுதான் மருந்து.

அப்புறம் இரவு. பகலில் ஒட்சிசன் விடும் பாசி இரவில் தானும் மூச்சுவிட்டு ஒட்சிசனை எடுக்கும். அளவோடு இருந்தால் சமாளிக்கும். தடித்துப் பொங்கிய பாசியோ, அல்லது மருந்தில் ஒரேயடியாகச் செத்து அழுகும் பாசியோ என்றால் விடியப்புறம் தண்ணீரில் ஒட்சிசன் அடிமட்டத்துக்கு வந்துவிடும். விடியற்காலை மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். உடனே "மருந்து போட்டுட்டானுகள்" என்று எதிரியைத் தேடுவோம். சில சமயம் யாரும் ஒன்றும் போட்டிருக்கமாட்டார்கள். போனவாரம் அடித்தது மூன்று கை மாறி இன்றைக்கு மீனில் வந்து நிற்கும்.

பிறைநிலா ஒன்றை வைத்து ஊர் அளப்பது

மருந்து பாசிக்குத் தீங்கா என்று சோதிக்க உலகம் முழுவதும் பயன்படும் ஒரு பாசி இருக்கிறது. 1959இல் நோர்வேயின் நிற்றெல்வா ஆற்றிலிருந்து எடுத்தது. பிறைநிலா வடிவம், நூறு கலங்களை நீட்டுக்கு அடுக்கினால் ஒரு மில்லிமீற்றர் வரும். பெயரை அடிக்கடி மாற்றிவிட்டார்கள்: பழைய நூல்களில் செலனாஸ்ட்ரம், இப்போது ரபிடோசெலிஸ். பொருளாதார ஒத்துழைப்பு, அபிவிருத்திக்கான பன்னாட்டு அமைப்பான ஓஈசிடியின் 201ஆம் இலக்க வழிகாட்டியின்படி இதை மருந்து கலந்த போசணைக் கரைசலில் 72 மணித்தியாலம் வளர்ப்பார்கள். மருந்தில்லாத குடுவையில் இந்த நேரத்துக்குள் அது குறைந்தது 16 மடங்கு பெருக வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சோதனையே செல்லாது. வளர்ச்சியைப் பாதியாக்கும் செறிவு எது என்று பார்த்து, அதை ஒரு எண்ணாகச் சொல்வார்கள். எண் சிறிதென்றால் நஞ்சு பெரிது.

நல்ல சோதனைதான். மூன்று நாளில் முடியும், யார் செய்தாலும் ஒப்பிடலாம். குறையும் அதுவே. ஒரே இனம், மேய்ப்பவர் இல்லை, சேறு இல்லை, இரவு இல்லை. தனிச் செயற்படு பொருளை மட்டும் போட்டுச் சோதித்தால் போத்தலின் மீதிப் பங்கும் இல்லை. சிறுபோக நடுவில் வெயிலில் சூடேறிய ஒரு வட்டை வாய்க்காலில், மூன்று வயற்காரரின் மூன்று மருந்தும் சவர்க்காரத் தூளும் யூரியாவும் கலந்த தண்ணீரில் நடப்பதை அந்த ஒரு எண்ணிலிருந்து படித்துவிட முடியாது. பாசிக்குச் சாதகமான ஒன்றையும் சொல்ல வேண்டும்: அது விரைவாகப் பெருகும் உயிர். ஒருமுறை அடிபட்டாலும், நல்ல தண்ணீர் வந்தால் சில நாட்களிலோ வாரங்களிலோ எழும்பிவிடும். எழும்ப முன் அடுத்த அடி விழுந்தால்தான் பழைய கூட்டம் திரும்பி வராமல், தாங்குகிற கூட்டம் நிரந்தரமாகக் குடியேறும்.

பாசியைப் பற்றிப் படிக்கத் தொடங்கியபின் ஒருநாள் வயல் வாடியில் உட்கார்ந்து மாமாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் சொன்னேன். தீக்குச்சிக் கதையை அவர் அவ்வளவாக நம்பவில்லை. அரை லீற்றர் கணக்கு மட்டும் உறைத்தது. "அப்ப கழுவுற தண்ணிய எங்க மனே ஊத்துற?" என்று கேட்டார். தெளிகருவியைக் கொஞ்சம் கொஞ்சம் தண்ணீராக மூன்று முறை அலசி, அலசின தண்ணீரை அடித்த வயலிலேயே, வாய்க்காலுக்குத் தள்ளி விசிறிவிட வேண்டும், மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் கொஞ்சம் கொஞ்சமாக உடைக்கும் என்றேன். போத்தலையும் அப்படியே மூன்று முறை கழுவி, அந்தத் தண்ணீரைத் தெளிகருவியிலேயே ஊற்றலாம். காசு கொடுத்து வாங்கிய மருந்து வீணாகாது. வீணாகாது என்ற சொல் அவருக்குப் பிடித்தது.

இப்போது அலசுவது வயலுக்குள்தான். பொட்டலம் இன்னும் மடியில் இருக்கிறது. போத்தலுக்குள்ளேயே அது இருக்கிறதே மாமா என்றால், "அவன் போட்டது அவன்ட. நான் போடுறது என்ட" என்கிறார்.